ஆசிரியர்கள் கூடிக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியர். எங்கள் குறுவள மையத்தில் (அருகருகே உள்ள சில பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் மையம்) பக்கத்துப் பக்கத்தில் உள்ள மூன்று பள்ளிகளின் ஆசிரியர்கள் ஆறு பேர் நான்கு வருடமாக ஒருவர் வகுப்பை ஒருவர் போய்ப் பார்க்கிறோம். பிள்ளைகளின் நோட்டுகளை நடுவில் வைத்துப் பேசுகிறோம். இதைக் கேள்விப்பட்ட ஆசிரியர்கள் போனிலும் நேரிலும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வருடம் முழுக்கப் பயிற்சிக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறோம்? அதற்கு மேல் இது எதற்கு?

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். 2022 ஜூனில், தொடக்க வகுப்புகளில் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் அரசுத் திட்டமான ‘எண்ணும் எழுத்தும்’ தொடங்கியபோது, ஒரே வகுப்பில் பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவுப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து நடத்தும் முறையைப் பயிற்சியில்தான் கற்றுக்கொண்டோம். சிக்கல் அதற்கு அடுத்த வாரத்தில் வருகிறது. பயிற்சி நடக்கும் வட்டார வள மையத்தில் நாமே பிள்ளைகளாக உட்கார்ந்து செய்து பார்த்த செயல்பாடு அழகாக முடிந்திருக்கும். அதையே திங்கட்கிழமை நம் வகுப்பில் செய்தால் பாதியில் நின்றுவிடும். அரும்புப் பிள்ளைகளைக் கவனிக்கும்போது மலர்ப் பிள்ளைகள் வேலையை முடித்துவிட்டு வாசலுக்கு வந்திருப்பார்கள். ஏன் நின்றது, எங்கே மாற்ற வேண்டும் என்று சேர்ந்து யோசிக்க அந்த இடத்தில் ஆளில்லை. இரண்டு முறை முயன்று பார்ப்போம், மூன்றாம் முறை பழைய வழிக்கே போய்விடுவோம்.

பயிற்சி தருவது ஒரு வழிமுறை. அது நம் பிள்ளைகளிடம் நடக்கிறதா என்பதை நம் வகுப்பறையில்தான் பார்க்க முடியும். அதைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

பழைய வழிக்கே திரும்பிவிடுவது நம் சோம்பல்தானே?

இல்லை. நம்மை நாமே குறை சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இலேயே இதைச் சொன்னார். ஆசிரியராக வருகிற ஒருவர், மாணவராக இருந்த காலத்திலேயே சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பது அவர் கணக்கு. டாக்டரையோ வக்கீலையோ அத்தனை நேரம் யாரும் பக்கத்தில் இருந்து பார்ப்பதில்லை. அதனால் வகுப்பில் திணறும் நேரத்தில் நமக்கு முதலில் வருவது நம் பழைய டீச்சரின் குரல்தான். இதில் இன்னொன்றும் இருக்கிறது. நாம் அன்றைக்குப் பார்த்தது அவர் கரும்பலகை முன்னால் செய்ததை மட்டும். முந்தின நாள் ராத்திரி அவர் என்ன யோசித்தார், ஏன் அந்தக் கணக்கை முதலில் போட்டார் என்பதை நாம் பார்த்ததே இல்லை. ஆசிரியர்கள் சேர்ந்து உட்காரும்போது தெரிய வருவது அந்த யோசனை.

கூடிக் கற்பது என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும்?

பல வழி இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் நாங்கள் பின்பற்றுவதும் ஜப்பானியரின் வழி. அங்கே ‘ஜுக்யோ கென்க்யூ’ என்பார்கள். ஜுக்யோ என்றால் வகுப்பில் நடக்கும் பாடம், கென்க்யூ என்றால் ஆய்வு. பாட ஆய்வு என்று வைத்துக்கொள்ளலாம். மெய்ஜி காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் வேர்விட்ட பழக்கம் இது. 1995இல் ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளில் எட்டாம் வகுப்புக் கணிதப் பாடங்களை வீடியோ எடுத்து ஒப்பிட்டார்கள். அந்த ஆய்வை நடத்திய ஜேம்ஸ் ஸ்டிக்லரும் உடன் எழுதிய ஜேம்ஸ் ஹீபர்ட்டும் 1999இல் ஜப்பானின் பாட ஆய்வைப் பற்றி எழுதிய பிறகு வெளியுலகம் கவனிக்க ஆரம்பித்தது.

நடைமுறை எளிது. சில ஆசிரியர்கள் சேர்ந்து பிள்ளைகள் தொடர்ந்து தடுமாறும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பாடப்பகுதியைப் புத்தகத்தில் முன்னும் பின்னும் படித்து, ஒரே ஒரு பாடத்துக்கான பாடக்குறிப்பைச் சேர்ந்தே எழுதுகிறார்கள். அதில் ஆசிரியர் கேட்கப்போகும் கேள்விக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகள் என்னென்ன பதில் சொல்லக்கூடும் என்று எழுத ஒரு பத்தி இருக்கும், தவறான பதில்களையும் சேர்த்து. பிறகு ஒருவர் நடத்துகிறார், மற்றவர்கள் சுவரோரம் நின்று பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். பள்ளி முடிந்ததும் பேசுகிறார்கள். தேவைப்பட்டால் பாடத்தைத் திருத்தி வேறொரு வகுப்பில் இன்னொருவர் நடத்துவார்.

நம் பாடக்குறிப்பில் கற்றல் விளைவு, துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு எல்லாம் இருக்கும். பிள்ளை என்ன தப்பாகச் சொல்வான் என்று எழுதும் பத்தி மட்டும் இருப்பதில்லை. ஜப்பானியரிடமிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளலாம் என்றால் நான் அந்தப் பத்தியைத்தான் எடுப்பேன்.

ஓர் உதாரணம் சொல்ல முடியுமா? பேச்சில் நன்றாக இருக்கிறது, வகுப்பில் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

எங்கள் முதல் பாட ஆய்வையே சொல்கிறேன். நான்காம் வகுப்பு, கழித்தல். ‘பூஜ்ஜியம் நடுவில் வந்தால் பிள்ளைகளுக்கு வரமாட்டேங்குது’ என்று மூன்று பள்ளிகளிலும் ஒரே புலம்பல். அதனால் எல்லாருமே தங்கள் வகுப்பில் ஒரே கணக்கைக் கொடுத்தோம்: 402 − 178. நோட்டுகளை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை உட்கார்ந்தோம்.

சரியான விடை 224. தப்பாகப் போட்டவர்களை அதுவரை நாங்கள் ஒரே கூட்டமாகத்தான் பார்த்து வந்தோம்: ‘கடன் வாங்கத் தெரியாதவர்கள்’. நோட்டுகளைத் தரையில் பரப்பியபோது மூன்று விடைகள் திரும்பத் திரும்ப வந்தன. 376, 324, 274.

376 போட்ட பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். 8லிருந்து 2 போனால் 6, 7லிருந்து 0 போனால் 7, 4லிருந்து 1 போனால் 3. அவனுக்குக் கடன் வாங்கும் யோசனையே வரவில்லை. 324 போட்டவள் வேறு மாதிரி. 2ஐ 12 ஆக்கிவிட்டாள், பூஜ்ஜியத்தை 9 ஆக்கிவிட்டாள். 4ஐ மட்டும் 3 ஆக்கவில்லை. டீச்சர் பூஜ்ஜியத்துக்கு மேலே 9 போடுவதைப் பார்த்திருக்கிறாள், அந்த 9 எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. 274 போட்டவன் பத்துகளை எட்டிக் குதித்து, நூறிலிருந்து நேராக ஒன்றுக்குக் கடன் வாங்கிவிட்டான். நடுவில் கிடந்த 0லிருந்து 7ஐக் கழிக்க முடியாததால் 7ஐயே எழுதிவிட்டான்.

மூன்று பிள்ளைகளுக்கும் அதுவரை நான் கொடுத்த மருந்து ஒன்றுதான்: இன்னும் பத்துக் கணக்கு. 324 போட்ட பெண்ணுக்கு அந்தப் பத்துக் கணக்கும் அதே தப்பைப் பழக்கித்தான் கொடுத்திருக்கும். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே மனசு கனத்துவிட்டது.

பிறகு பாடத்தை எழுத உட்கார்ந்தோம். எங்களில் மூத்தவரான ஒரு டீச்சர், ‘கடன் என்ற சொல்லே பிள்ளைகளைக் குழப்புகிறதோ?’ என்று கேட்டார். அவர் வகுப்பில் ஒரு பையன் ‘வாங்கின கடனை எப்போ திருப்பித் தரணும் டீச்சர்?’ என்று கேட்டிருக்கிறான். அங்கிருந்துதான் கடை விளையாட்டு வந்தது. பிள்ளையிடம் நான்கு நூறு ரூபாய்த் தாளும் இரண்டு ஒற்றை ரூபாய் நாணயமும் (அட்டையில் வெட்டியவை) இருக்கும். கடைக்காரருக்குச் சரியாக 178 ரூபாய் தர வேண்டும், மீதி கொடுக்க அவரிடம் பணம் இல்லை. பிள்ளை என்ன செய்வாள்?

பாடம் நடந்த அன்று, நான் பார்த்துக்கொண்டிருந்த வரிசையில் ஒரு சிறுமி நூறு ரூபாய்த் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பக்கத்துப் பையன், ‘சில்லறை மாத்து’ என்றான். அவள் ஒரு நூறைப் பத்துப் பத்து ரூபாய்த் தாளாக மாற்றினாள். எட்டு ரூபாய் தர முடியவில்லை. ஒரு பத்தை எடுத்து ஒற்றை ரூபாய்களாக மாற்றினாள். தரையில் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. ‘ஒன்பது!’ என்றாள் தனக்குத்தானே. அந்த ஒன்பதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவள் கையில் மிச்சம் இருந்தது அது.

வகுப்பை நடத்திய ஆசிரியர் அந்தக் கணத்தைப் பார்க்கவே இல்லை. அவர் அறையின் மறுகோடியில் இருந்தார். வகுப்பு முடிந்து நான் சொன்னபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அதேபோல, நாணயங்களை எண்ணுவதிலேயே நேரம் போய்க் கணக்கை விட்டுவிட்ட இரண்டு பிள்ளைகளை வேறொருவர் பார்த்திருந்தார். அடுத்த பள்ளியில் நடத்தும்போது பத்து ஒற்றை ரூபாய்களை ஒரே பட்டையாக ஒட்டி, தேவைப்படும்போது கிழித்துக்கொள்ளும்படி செய்தோம். அது நன்றாக ஓடியது.

வகுப்பில் இன்னொரு ஆசிரியர் வந்து உட்கார்ந்தால் அதிகாரி ஆய்வுக்கு வந்த மாதிரிதானே இருக்கும்? எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எல்லாருக்கும் இருக்கும். நமக்கு வகுப்புக்குள் வேறு ஆள் வருவதென்றாலே பார்வை, குறிப்பு, விளக்கம் கேட்பது என்றுதான் பழக்கம். அதனால் சில விதிகளை முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

பார்க்க வருகிறவர் ஆசிரியரைப் பார்க்கக்கூடாது. மூன்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வகுப்பு முடியும்வரை அவர்களையே பார்க்க வேண்டும்: என்ன எழுதினார்கள், எதை அழித்தார்கள், பக்கத்தில் என்ன பேசினார்கள். பிள்ளைக்கு உதவவும் கூடாது, அது ரொம்பக் கஷ்டம், கை துறுதுறுக்கும். பேசும்போது நடத்தியவர் முதலில் பேசட்டும். மற்றவர்கள் ‘நீங்க இப்படிச் செஞ்சிருக்கலாம்’ என்று ஆரம்பிக்காமல், ‘மூணாவது வரிசைப் பையன் இப்படி எழுதினான்’ என்று ஆரம்பிக்கட்டும். பாடக்குறிப்பு எல்லாரும் சேர்ந்து எழுதியது, ஆகவே பாடம் சறுக்கினால் அது எல்லாருடைய சறுக்கல். இந்த ஒரு காரணத்துக்காகவே சேர்ந்து எழுதும் கட்டத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

போட்டோ எடுத்துக் குழுவில் போடுவது, மதிப்பெண் போடுவது, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது இவை வேண்டாம். நாங்கள் ஆரம்பத்தில் ஒருமுறை போட்டோ எடுத்தோம், அன்றைக்கு ஆசிரியரும் பிள்ளைகளும் கேமராவுக்காகத்தான் நடந்துகொண்டார்கள்.

இதனால் பிள்ளைகளின் கற்றல் கூடுகிறது என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, எல்லைகளோடு. 2007இல் அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சி பற்றிய 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். கறாரான அளவுகோலுக்குள் வந்தவை ஒன்பதுதான். அந்த ஒன்பதில், சராசரியாக 49 மணி நேரம் பயிற்சி பெற்ற ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் கணிசமாக முன்னேறியிருந்தார்கள்: 100 பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை 21 இடம் மேலே போகும் அளவுக்கு. மொத்தமே 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ நடந்த பயிற்சிகளில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. மணிக்கணக்கு சரி. அந்த மணிகள் எங்கே கழிகின்றன என்பதுதான் என் கவலை.

அதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு நல்ல பதில் கிடைத்தது. வடமேற்கு மாகாணத்தில் செட்ஸ்வானா மொழியில் வாசிக்கக் கற்றுத்தரும் தொடக்க வகுப்பு ஆசிரியர்களில் இரு பிரிவினரை ஒப்பிட்டார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே பாடத்திட்டக் குறிப்பு, ஒரே புத்தகங்கள். ஒரு பிரிவை மையத்துக்கு அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், இன்னொரு பிரிவின் வகுப்பறைக்கே வழிகாட்டி ஒருவர் தொடர்ந்து போய்க் கூட இருந்தார். இரண்டு வருடம் கழித்து, இந்த உதவி எதுவும் கிடைக்காத பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால், வகுப்பறைக்கு ஆள் போன பள்ளிகளில் பிள்ளைகளின் கூடுதல் வாசிப்பு முன்னேற்றம் மற்றப் பிரிவைப் போல சுமார் இரு மடங்கு.

எச்சரிக்கையும் உண்டு. இப்படி வகுப்பறைக்குப் போய் வழிகாட்டும் திட்டங்கள் குறித்த 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கட்டுரை, பலன் உண்டு என்று உறுதி செய்தது. கூடவே, திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் சுருங்குகிறது என்றும் காட்டியது. ஆறு பேர் ஆசையாகச் செய்வதை ஆறாயிரம் பேருக்கு உத்தரவாக அனுப்பினால் அதே பலன் வராது.

நம் ஊரில் முன்பு இப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

செயல்வழிக் கற்றலை நினைத்துப் பாருங்கள். 2003இல் சென்னை மாநகராட்சியின் சில பள்ளிகளில் தொடங்கியது. மாநகராட்சி ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷிவேலிக்குப் போய், அங்குள்ள சின்னக் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் பாட அட்டைகளையும், எதற்குப் பின் எது என்று காட்டும் ஏணிப்படிப் படத்தையும் வைத்துத் தாமாகப் படிப்பதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். திரும்பி வந்து நம் பாடத்துக்கான அட்டைகளை உருவாக்கியதிலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். 2007-08இல் அது மாநிலம் முழுக்க விரிந்தது. அப்போது எங்களைப் போன்றவர்களுக்கு அட்டை கட்டுக்கட்டாக வந்து சேர்ந்தது. எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்று தெரியும், ஏன் என்று தெரியாது. ஓர் அட்டை தொலைந்தால் அதற்குப் பதில் நாமே ஒன்று செய்யலாம் என்ற துணிச்சல் பலருக்கு வரவில்லை. திட்டத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பாயில் உட்கார்ந்து, சுவரில் தாழ்வாக அடித்த கரும்பலகையில் பிள்ளைகள் எழுதிய அந்த நாட்கள் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அட்டையைச் செய்தவருக்கும் வாங்கியவருக்கும் இருந்த வித்தியாசத்தை நான் நேரில் பார்த்தேன்.

நான் ஈராசிரியர் பள்ளியில் இருக்கிறேன். யாரோடு சேர்ந்து செய்வது?

இந்தக் கேள்வி புதிதல்ல. 1964-66இல் மத்திய அரசு அமைத்த கோத்தாரி கல்விக்குழு, தனித்தனியே கிடக்கும் சிறு பள்ளிகளை அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்துப் பள்ளி வளாகமாக இயங்கச் சொன்னதே இதை யோசித்துத்தான். நம் குறுவள மையமும் அதே எண்ணத்தின் ஒரு வடிவம். உங்கள் மையத்தில் உங்களைப் போலவே யோசிக்கும் ஒரே ஒருவர் இருந்தால் போதும். இருவரும் ஒரே கணக்கையோ ஒரே வாசிப்புப் பத்தியையோ கொடுத்து நோட்டுகளை மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாத வாரத்தில் பிள்ளை வாசிப்பதை போனில் பதிவு செய்து, அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்பி, இருவரும் கேட்டுப் பேசுங்கள். பேசி முடித்ததும் அழித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழு போதாதா?

ஒர்க்‌ஷீட் பகிர, சுற்றறிக்கை தெரிந்துகொள்ளப் போதும். 256 பேர் இருக்கும் குழுவில் ‘என் வகுப்பில் ஏழு பேருக்கு இன்னும் ழகரம் வரவில்லை’ என்று யாரும் எழுதமாட்டார்கள். எழுதினாலும் அடுத்த நிமிடம் பத்துக் காலை வணக்கம் அதை மூடிவிடும்.

குறுவள மையக் கூட்டத்தை இதற்குப் பயன்படுத்த முடியுமா?

முடியும், நாங்கள் அப்படித்தான் ஆரம்பித்தோம். எங்களுக்குப் பயிற்சி தந்து பள்ளிகளையும் பார்வையிடும் ஆசிரியர் பயிற்றுநரிடம் போய், ‘நிகழ்ச்சி நிரலில் கடைசி 40 நிமிடம் எங்களுக்குக் கொடுங்கள், நோட்டுகளை வைத்துப் பேசுகிறோம்’ என்று கேட்டோம். அவர் மகிழ்ச்சியோடு கொடுத்தார், தானும் உட்கார்ந்தார். பயிற்றுநர்களுக்கும் பார்வைப் படிவத்தை நிரப்புவதைவிட இது பிடித்த வேலைதான். கேட்டுப் பாருங்கள்.

நேரம்? எமிஸ் (பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, உதவித்தொகை விண்ணப்பம், கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாம் யார் செய்வது?

இந்தக் கேள்விக்கு என்னிடம் இனிப்பான பதில் இல்லை. நேரம் உண்மையிலேயே இல்லை. ஜப்பானில் பாட ஆய்வு நாளில் மற்ற வகுப்புப் பிள்ளைகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரே ஒரு வகுப்பை வைத்துக்கொண்டு எல்லா ஆசிரியர்களும் பார்ப்பதுண்டு. அதாவது அங்கே அந்த நேரம் பள்ளி நேரத்துக்குள் ஒதுக்கப்படுகிறது. நமக்கும் மாதத்தில் ஓர் அரைநாள் அப்படிக் கிடைக்க வேண்டும், ஆசிரியர் சங்கங்கள் ஊதியக் கோரிக்கையோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதுவரை, பருவத்துக்கு ஒரே ஒரு பாடம். வருடத்துக்கு மூன்று. எங்களால் முடிந்தது அவ்வளவுதான், அதற்கே பலன் தெரிந்தது.

தலைமையாசிரியர் என்ன செய்ய வேண்டும்?

வகுப்பை மாற்றிப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஒரு பீரியடு நான் அடுத்த வகுப்பில் இருந்தால் என் பிள்ளைகளை யாராவது பார்க்க வேண்டுமே. எங்கள் தலைமையாசிரியர் அந்த ஒரு பீரியடு என் வகுப்பில் தானே வந்து கதை சொல்வார். முடிந்தால் அவரும் வருடத்தில் ஒரு பாடத்தை எல்லார் முன்னாலும் நடத்தட்டும். தலைமையாசிரியரின் பாடமே நடுவில் சறுக்கி, அவர் சிரித்துக்கொண்டே ‘இதை எப்படி மாத்தலாம், சொல்லுங்க’ என்று கேட்டுவிட்டால் மற்றவர்களின் பயம் பாதி போய்விடும்.

இந்த வருடம்தான் வேலைக்கு வந்தேன். மூத்தவர்கள் நடுவில் என்ன பேசுவது?

பார்த்ததைப் பேசுங்கள். பிள்ளை என்ன எழுதினாள் என்று சொல்ல அனுபவ வருடங்கள் தேவையில்லை. எங்கள் குழுவில் 274 எப்படி வந்தது என்று முதலில் கண்டுபிடித்தது வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதமே ஆன ஒரு தம்பிதான். இருபது வருடமாகக் கழித்தல் நடத்திய நாங்கள் அந்த நோட்டைப் பார்த்து, ‘ஏதோ கிறுக்கியிருக்கான்’ என்று தள்ளி வைத்திருந்தோம்.

முதல் முறை எந்தப் பாடத்தில் தொடங்கலாம்?

சின்னதாக, விடை நோட்டில் தெரியும்படி ஒன்று. மூன்றாம் வகுப்பில் கடிகாரம் பார்த்தல், நான்காம் வகுப்பில் பின்னம், ஐந்தாம் வகுப்பில் ஒரு பத்தியைப் படித்துச் சொந்த வாக்கியத்தில் பதில் எழுதுதல், இவற்றில் ஏதாவது ஒன்று. பின்னம் என்றால், 1/3 பெரிதா 1/5 பெரிதா என்று கேட்டுக் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். விடையைத் திருத்த வேண்டாம், சிவப்பு மையே வேண்டாம். நோட்டுகளை அப்படியே எடுத்து வாருங்கள். ஒரே காரணம் எழுதியவர்களை ஒரே அடுக்கில் வைத்துக்கொண்டே போங்கள். எத்தனை அடுக்கு வருகிறது என்று பார்த்துவிட்டு, எந்த அடுக்குப் பிள்ளைகளுக்காக அடுத்த பாடம் என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.